22 சென்ட்டின் வரலாறு: செயற்கைக்கோள் படங்களில் மாற்றத்தைக் கண்டறியும் கலை

லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்குள் ஓட்டு வீடு, நாலு தென்னை, மாட்டுக்கொட்டகை, கொஞ்சம் தரிசு என்று எது இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு அது ஒரே புள்ளிதான்; ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஓர் எண். 1980களிலிருந்து இன்றுவரை அதே இடத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கான எண்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, இந்த நிலம் எப்போது வேறொன்றாக மாறியது என்று மென்பொருளிடம் கேட்கலாம். பதிலும் உடனே வரும். அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. கழித்தபின் கிடைக்கும் வேறுபாடுகளில் எதை மாற்றம் என்று எண்ணுவது, எதைத் தள்ளுவது என்பதில்தான் சிக்கல் முழுதும் இருக்கிறது. இத்துறையின் அரைநூற்றாண்டு உழைப்பில் பெரும்பகுதி போலி மாற்றங்களை விரட்டுவதற்கே செலவாகியிருக்கிறது.

முதலில் விலை நிலவரம். முதல் லேண்ட்சாட் 1972 ஜூலை 23-இல் ஏவப்பட்டது. அதன் பிக்சல் சுமார் 80 மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கர். 30 மீட்டர் துல்லியம் 1982-இல் லேண்ட்சாட் 4-உடன் வந்தது. 1984-இல் மேலே போன லேண்ட்சாட் 5 சில ஆண்டுகளே உழைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டு 2013 வரை உழைத்தது. ஆனால் அமெரிக்க அரசு 1980களின் நடுவில் படவிற்பனையைத் தனியாரிடம் விட்டபோது ஒரு படத்தின் விலை 4,000 டாலருக்கு மேல் ஏறியது. பிறகு அரசே திரும்ப எடுத்துக்கொண்டு 600 டாலராக்கியது. அப்போதும் ஓர் ஆய்வு மாணவரால் அதிகம் போனால் இரண்டு படம் வாங்க முடியும்: பழையது ஒன்று, புதியது ஒன்று. அந்தக் காலத்து ஆய்வு முறைகள் எல்லாம் இரண்டே படங்களைச் சுற்றி அமைந்ததற்கு அறிவியல் காரணத்தைவிடப் பணக்காரணமே பெரிது என்பது என் எண்ணம். 2008-இல் மொத்தக் களஞ்சியமும் இலவசமாக்கப்பட்டது. 2001-இல் ஆண்டு முழுவதும் சுமார் 25,000 படங்கள் விற்ற இடத்தில், இலவசமான சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கம் ஆயின. முறைகளும் அதன்பின்தான் அடியோடு மாறின.

இரண்டு பட முறைகளைத் தொகுத்து அஷ்பிந்து சிங் 1989-இல் எழுதிய மதிப்பாய்வை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். கழித்தல், வகுத்தல், தாவரப் பசுமையை அளக்கும் என்.டி.வி.ஐ. குறியீட்டைக் கணக்கிட்டு அதைக் கழித்தல், எல்லா அலைவரிசைகளையும் சேர்த்து மாற்றத்தின் அளவையும் திசையையும் பார்க்கும் திசையன் முறை, முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பலர் நினைப்பதைவிடச் சிறியது. முற்றிலும் வேறு பாதையில் போவது ஒன்றுதான்: இரண்டு படங்களையும் தனித்தனியே வயல், காடு, நீர், கட்டடம் என்று வகைப்படுத்திவிட்டு வரைபடங்களை ஒப்பிடுவது. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் அதிகம் காணப்படுவதும் இதுவே, ஏனெனில் எது எதுவாக மாறியது என்று அட்டவணை போட்டுக் காட்டிவிடலாம். அதன் பலவீனம் எளிய பெருக்கலில் தெரியும். ஒவ்வொரு வரைபடமும் 85 சதவீதம் சரி, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், இரண்டிலும் சரியாக இருக்கும் பிக்சல்கள் 72 சதவீதம்தான். மீதி 28 சதவீதத்தில் பெரும்பகுதி அட்டவணையில் ‘மாற்றம்’ என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும். வயல் கட்டடமாகி, கட்டடம் மீண்டும் வயலாகும் அதிசயங்களை அத்தகைய அட்டவணைகளில் தாராளமாகக் காணலாம்.

போலி மாற்றங்களில் மிகத் தந்திரமானது இடப்பெயர்ச்சி. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் ஏரி. ஐரோப்பாவின் சென்டினல்-2 எடுத்த இரண்டு படங்கள். பிக்சல் 10 மீட்டர். இரண்டாவது படம் அரை பிக்சல், அதாவது 5 மீட்டர், கிழக்கே நகர்ந்து பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஏரியின் மேற்குக் கரையில் சுமார் ஒன்றேகால் ஏக்கர் நீர்ப்பரப்பு ‘காணாமல்’ போகும். கிழக்குக் கரையில் அதே அளவு ‘கூடும்’. இழப்பை மட்டும் சிவப்பில் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பவர் மேற்குக் கரையில் ஆக்கிரமிப்பு நடந்ததாகவே முடிவு செய்வார். ஏரி ஆக்கிரமிப்பு உண்மையில் நடப்பதும் கரையோரத்தில்தான், பிழை குவிவதும் அதே கரையோரத்தில்தான் என்பது இதில் உள்ள விஷமம். படங்களின் பொருத்தம் ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பசுமைக் குறியீட்டின் வேறுபாட்டில் பிழை 10 சதவீதத்தைத் தாண்டக்கூடும் என்று ஜான் டவுன்ஷெண்டும் குழுவினரும் 1992-லேயே எச்சரித்தார்கள். சென்டினல்-2 படங்களைப் பொதுவான ஒரு மேற்கோள் படத்தோடு பொருத்தி வெளியிடும் வழக்கம் 2021-இல்தான் உலகம் முழுவதற்கும் வந்தது. அதற்கு முந்தைய படங்களை அப்படியே கழிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது பருவம். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் சூரியக் கோணமும் பருவமும் ஒத்திருக்கும் என்பது பாடநூல் அறிவுரை. காவிரிப் படுகையில் அது பலிக்காது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12. 2024-இல் ஜூலை 28. ஆற்றுப் பாசனத்தை மட்டுமே நம்பிய தஞ்சை வயல் ஒன்றை 2022 ஜூலை நடுவிலும் 2024 ஜூலை நடுவிலும் படம் எடுத்துக் கழித்தால் மென்பொருள் பெரிய மாற்றத்தைக் காட்டும். நிலம் அதே நிலம், பயிரும் அதே நெல். மாறியது அணை திறந்த நாள்.

காற்றில் உள்ள தூசும் நீராவியும் எண்களை மாற்றும் என்பதால், கருவி பதிந்த எண்ணை அப்படியே எடுக்காமல் தரைப்பரப்பின் எதிரொளிப்பாக மாற்றித் தருகிறார்கள். இந்தத் திருத்தங்களே சில நேரம் பொறியாகிவிடும். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைப் பதப்படுத்தும் மென்பொருளின் புதிய பதிப்பு நடைமுறைக்கு வந்தது. மிக இருண்ட இடங்களில் எண் சுழியத்துக்குக் கீழே போனாலும் தகவல் இழக்கக்கூடாது என்பதற்காக எல்லாப் பிக்சல்களிலும் 1,000 கூட்டப்பட்டது. எதிரொளிப்பில் அது 0.1. பயன்படுத்துவோர் அதைக் கழித்துவிட்டு வேலை செய்ய வேண்டும். கழிக்க மறந்தால், அந்த நாளிலிருந்து உலகம் முழுவதும் திடீரென்று வெளுத்துப்போனதாகக் காலத்தொடர் வரைபடம் சொல்லும். நெல்வயலும் பாலைவனமும் கடலும் ஒரே நாளில் மாறியிருந்தால் சந்தேகம் வரும். ஒரு தாலுக்காவை மட்டும் பார்க்கிறவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இத்துறையில் அதிகம் பேரை ஏமாற்றுவது அதுதான். 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உண்மையான மாற்றம் 100 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். மென்பொருள் அதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது. மாறாத இடங்களில் 2 சதவீதத்தை மட்டுமே தவறாக மாற்றம் என்கிறது. நல்ல மென்பொருள்தான். மொத்தத் துல்லியம் ஏறக்குறைய 98 சதவீதம் என்று அறிக்கையில் பெருமையாக எழுதலாம். ஆனால் வரைபடத்தில் மாற்றம் எவ்வளவு? சரியாகப் பிடித்தது 90, தவறாகச் சேர்ந்தது 198, ஆக 288 சதுர கிலோமீட்டர். உண்மையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மாற்றம் அரிதான நிகழ்வு என்பதால் வரும் விளைவு இது. எந்த நுட்பத்தாலும் இதை முழுமையாகத் தவிர்க்க முடியாது. அதனால்தான் சிவப்புப் பிக்சல்களை எண்ணிப் பெருக்கிப் பரப்பளவு சொல்லக்கூடாது என்று பொன்டஸ் ஓலோஃப்சன் முதலானோர் 2014-இல் விரிவாக எழுதினார்கள். வரைபடத்திலிருந்து மாதிரிப் புள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்து, ஒவ்வொன்றையும் கூர்மையான படங்களிலோ நேரிலோ ஒரு மனிதர் சரிபார்த்து, அந்தப் பிழை விகிதத்தைக் கொண்டு பரப்பளவைத் திருத்தி, கூடவே நம்பக எல்லையையும் சொல்ல வேண்டும். நம்பக எல்லை இல்லாத மாற்றப் புள்ளிவிவரத்தை நான் பொருட்படுத்துவதில்லை. வாசகர்களும் பொருட்படுத்தத் தேவையில்லை.

2019 கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, புழல் ஏரி 2018 ஜூனில் நீலமாகவும் 2019 ஜூனில் மண்ணாகவும் இருந்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் அருகருகே வந்தன. படங்கள் உண்மையே. ஆனால் அந்த ஜோடியைப் பார்த்து ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்றோ, ஒரு மோசமான ஆண்டு மட்டும்தான் என்றோ எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்கு ஏரியின் ஏற்ற இறக்கம் முழுதும் வேண்டும். இரண்டு படத்திலிருந்து காலத்தொடருக்குப் போவதன் பயன் இங்கேதான் இருக்கிறது: ஒரு பிக்சலின் வழக்கம் என்ன என்பதை முதலில் கற்றுக்கொண்டு, வழக்கத்தை மீறும்போது மட்டும் குரல் கொடுப்பது.

இதைச் செய்யும் மென்பொருள்களில் மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கென்னடி குழு 2010-இல் வெளியிட்ட லேண்ட்ட்ரெண்டர், ஒரு பிக்சலின் பல்லாண்டு வரலாற்றைச் சில நேர்கோட்டுத் துண்டுகளாகச் சுருக்குகிறது. கோடு செங்குத்தாக விழுந்தால் மரம் வெட்டியது அல்லது தீ. மெல்லச் சரிந்தால் பூச்சித் தாக்குதல் அல்லது வறட்சி. மெல்ல ஏறினால் மறுவளர்ச்சி. அதே ஆண்டில் யான் வெர்பெசெல்ட் குழு வெளியிட்ட பிஃபாஸ்ட், தொடரைப் போக்கு, பருவம், எச்சம் என்று பிரித்து, போக்கிலும் பருவத்திலும் முறிவுகளைத் தேடுகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜி ஜூ, கர்டிஸ் உட்காக் இருவரும் 2014-இல் வெளியிட்ட சி.சி.டி.சி., மேகமற்ற எல்லாப் படங்களையும் எடுத்து சைன் அலைகளால் பருவச் சுழற்சியைப் பொருத்தி, அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்கிறது. அடுத்தடுத்துப் பல முறை கணிப்பு தவறினால்தான் மாற்றம் என்று முத்திரை குத்தும். ஒருமுறை தவறினால் அது விட்டுப்போன மேகமாகவோ நிழலாகவோ இருக்கலாம்.

மூன்றில் எது சிறந்தது என்று கேட்பது பயனற்றது. லேண்ட்ட்ரெண்டர் ஆண்டுக்கு ஒரு படத்தை வைத்து ஊசியிலைக் காடுகளுக்காகப் பிறந்தது. ஆண்டுக்கு இரண்டு போகமோ மூன்று போகமோ விளையும் வயலில் ஆண்டுக்கு ஒரு படம் எதைச் சொல்லும்? சைன் அலை முறைக்கும் நம்மிடத்தில் தடுமாற்றம் உண்டு. அணை திறக்கும் நாளும் பருவமழையும் ஆண்டுக்காண்டு மாறும் ஊரில் சுழற்சியே ஒழுங்காக இருப்பதில்லை. பழைய படங்களும் எல்லா நாடுகளுக்கும் சமமாகக் கிடைக்காது. லேண்ட்சாட் 5-இல் படங்களைச் சேமித்துவைக்கும் பதிவுக்கருவி கிடையாது. வரவேற்பு நிலையத்தின் எல்லைக்குள் பறக்கும்போது நேரடியாக இறக்கியவையே பெரும்பாலும் மிஞ்சின.

கணினித் திறனைப் பொறுத்தவரை கூகுள் எர்த் எஞ்சின் ஒரு பெரிய தடையை நீக்கியது. படங்களை இறக்காமல், அவை இருக்கும் இடத்திலேயே கணக்கை அனுப்பிச் செய்துகொள்ளலாம். மேத்யூ ஹான்சன் குழு 2013-இல் 6,54,178 லேண்ட்சாட் படங்களை இப்படி ஆராய்ந்து, 2000 முதல் 2012 வரை உலகம் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் மரப்பரப்பை இழந்தது, 8 லட்சம் சதுர கிலோமீட்டர் புதிதாக வந்தது என்று காட்டியது. 2016-இல் ஜான்-பிரான்சுவா பெக்கெல் குழு 30 லட்சம் படங்களில் உலக நீர்ப்பரப்பைக் கணக்கிட்டது: 1984க்கும் 2015க்கும் இடையில் ஏறக்குறைய 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர் மறைந்தது, அதைப்போல் இரண்டு மடங்கு, பெரும்பாலும் அணைகளால், புதிதாகத் தோன்றியது.

உலகில் அதிகம் சோதிக்கப்பட்ட மாற்றக் கண்காணிப்பு எது என்று கேட்டால் நான் பிரேசிலைச் சொல்வேன். அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் ஆண்டுதோறும் பிரோடெஸ் திட்டத்தின்கீழ் அமேசான் காடழிப்பை அளக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் திரையில் படத்தைப் பார்த்து எல்லை வரைகிறார்கள். ஒவ்வொரு பிக்சலிலும் மண், நிழல், தாவரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது மென்பொருளின் வேலை, முடிவு மனிதருடையது. 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த வெட்டு கணக்கில் வராது. ஒருமுறை அழிந்ததாகக் குறித்த இடம் மீண்டும் காடாக எண்ணப்படாது. இவை குறைகள்போல் தோன்றும். ஆனால் விதி மாறாமல் இருப்பதால்தான் 2004-இன் 27,772 சதுர கிலோமீட்டரையும் 2012-இன் 4,571-ஐயும் அருகருகே வைத்துப் பேச முடிகிறது. 2004-இல் அதனுடன் டேடெர் என்ற எச்சரிக்கை முறை சேர்ந்தது: துல்லியம் குறைவு, வேகம் அதிகம், காட்டதிகாரிகளை உடனே களத்துக்கு அனுப்புவதற்கானது. தொடக்கத்தில் அது 25 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டுகளையே கண்டது. அதன்பின் சிறு வெட்டுகளின் பங்கு கூடியது. கண்ணில் படாமல் வெட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள்.

2019-இல் டேடெர் எண்கள் ஏறியபோது அதிபர் போல்சொனாரோ அவை பொய் என்றார். மறுத்துப் பேசிய இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவ் ஆகஸ்டில் பதவி இழந்தார். டேடெர் பரப்பளவை அளக்க வந்த கருவியல்ல, மேகம் மூடிய மாதத்தில் நடந்த வெட்டு மேகம் விலகிய மாதத்தின் கணக்கில் விழும், ஆகவே மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதில் கவனம் வேண்டும் என்ற தொழில்நுட்ப விவாதத்துக்கு இடம் இருந்தது. நடந்தது வேறு விவாதம். பிறகு வந்த பிரோடெஸ் கணக்கு 7,536-லிருந்து 10,129 சதுர கிலோமீட்டருக்கு உயர்வு என்று உறுதி செய்தது.

விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடே சாட்சி. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 1999 அறிக்கையில் காட்டுப்பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டாண்டில் 38,000 சதுர கிலோமீட்டர் காடு முளைக்கவில்லை. நாடு முழுதும் கணினிவழிப் பகுப்பாய்வுக்கு மாறினார்கள், வரைபட அளவுகோல் நுணுக்கமானது, முன்பு விடுபட்ட சிறு தோப்புகள் உள்ளே வந்தன. பின்னாளில் 2001-இன் எண்ணையே குறைத்துத் திருத்தினார்கள். ஒரு ஹெக்டேருக்கு மேல், கிளைப்பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், யாருடைய நிலமானாலும் எந்த மரமானாலும் அது காட்டுப்பரப்பு என்பதே அவர்கள் விதி. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதில் அடங்கும். ஹான்சன் குழுவின் வரைபடமோ தைல மரத்தோப்பை அறுவடை செய்தால் அதை இழப்பாகக் காட்டும். ஒன்று நிகரக் கணக்கு, மற்றது இழப்பை மட்டும் கூட்டும் கணக்கு. இரண்டும் முரண்படுவதாகச் செய்திகள் வரும்போதெல்லாம், அவை ஒரே கேள்விக்கான பதில்களே அல்ல என்பது விட்டுப்போகிறது.

2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சி சென் குழு இந்தியாவும் சீனாவும் உலகைப் பசுமையாக்குவதில் முன்னிற்கின்றன என்று காட்டியபோது இங்கே மகிழ்ச்சியோடு பகிரப்பட்டது. இந்தியாவின் பங்கில் 82 சதவீதம் பயிர்நிலம் என்ற வரி அதே கட்டுரையில் இருந்தது. போகம் கூடினால் பசுமை கூடும். அந்தப் போகத்துக்கு ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் போனது என்று பசுமைக் குறியீடு சொல்லாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் தரிசு நிலத்திலும் கண்மாயிலும் சீமைக் கருவேலம் மூடிய பிக்சலும் அப்படியே; குறியீடு ஏறுமுகமாக இருக்கும்.

ஆழ்கற்றல் முறைகள் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்ற பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. இரண்டு படங்களையும் ஒரே வலையின் இரட்டைக் கிளைகளில் செலுத்தி வேறுபாட்டைக் கற்கும் முறைகள் கட்டட மாற்றத்தில் வியக்கத்தக்க முடிவுகள் தருகின்றன. எங்கே கற்றன என்று பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் லெவிர்-சி.டி. தொகுப்பின் 637 படச்சோடிகள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தவை. இன்னொன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தது. அகலமான தெரு, தனித்தனி வீடு, ஒரே மாதிரிக் கூரை. கீற்றும் ஓடும் தகரமும் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் அந்த மதிப்பெண் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதைவிட முக்கியமான முன்னேற்றம் ரேடார் என்று நினைக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஏரி நிரம்பி வெள்ளம் ஊருக்குள் வரும் அதே வாரங்களில், மேலே மேகம். ஒளிப்படக் கருவிகளுக்கு ஒன்றும் தெரியாது. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். சென்டினல்-1 2014 முதல் அதைச் செய்கிறது. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இஸ்ரோ–நாசா கூட்டுச் செயற்கைக்கோள் நிசார் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகிறது. அதன் நீண்ட அலை இலைகளுக்குள்ளும் புகுந்து கிளையையும் தண்டையும் தொடும். புதிய கருவி புதிய போலி மாற்றங்களையும் கூடவே கொண்டுவரும். ரேடார் எதிரொலி மண்ணின் ஈரத்துக்கு மிக நுட்பமாக அசையும்; ஒரு நல்ல மழை பெய்தால் வட்டாரம் முழுதுமே ‘மாறிவிடும்’. எந்த அசைவு வழக்கமானது என்று கற்றுக்கொள்ள மென்பொருளுக்கு அந்தந்த ஊரின் சில பருவமழைகளாவது பதிவில் சேர வேண்டும். அதுவரை நிசார் வரைபடத்தின் சிவப்புப் புள்ளிகளை யாராவது களத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.